பாம்புக்காதில் ஒரு குருவி

குருவி பார்க்கப் போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை மூட்டை என்று மைக்கம்மாவுக்கு விளங்கவே இல்லை. ஊரை ஒட்டி இருக்கிற குன்று அது. மூட்டுவலிக்காரர்கள்கூட ரப்பர் செருப்போடு ஏறி இறங்குகிற உயரம். அதன் அடிவாரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் எங்கேயோ படையெடுத்துப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். முழங்கால் வரைக்கும் பூட்ஸ். இலை அச்சடித்த சட்டை, அதற்கு ஜோடியாக இலை அச்சடித்த பேன்ட். ஒருவர் கையுறையில்கூட இலை. இத்தனை இலையையும் போட்டுக்கொண்டு வாயை மூடாமல் பேசினார்கள். குருவிக்குக் கண் மட்டும்தானா, காது கிடையாதா என்று நினைத்துக்கொண்டாள் மைக்கம்மா.

சங்கத்துக்குச் செயலாளர் ஒரு பல் டாக்டரம்மா. நல்ல மனுஷிதான், ஆனால் எதைப் பார்த்தாலும் "அடடா, அடடா" என்று உருகுகிற வியாதி. ரிடையரான பேங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய கேமராவின் லென்ஸ் அவர் கையைவிட நீளம். அதனால் அவருக்குப் பீரங்கி என்று பெயர். மற்றபடி தலையாட்டுவதற்கென்றே ஒரு கும்பல். வசந்தகாலம் பிறந்து முதல் நடை என்பதால் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

இந்தக் கும்பலுக்குத் தலைவர் யாரென்றால், மைக்கம்மாவின் வீட்டுக்காரர். காலமெல்லாம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் கொதிகலன்களைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் குருவி பக்கம் திரும்பினார். கண்ணால் பார்க்காமலே, சத்தத்தை மட்டும் வைத்து இன்ன குருவி என்று சொல்லிவிடுவாராம். சங்கத்தில் அவருக்குப் பாம்புக்காது என்று பட்டம். "பாம்புக்காது சார் வந்தாச்சு" என்று ஒருவர் கூவ, அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். பாம்புக்காதாம்! மைக்கம்மாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவளுக்கு ஏன் மைக்கம்மா என்று பெயர் வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும்தான் எரியும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை பார்த்தவள் அவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவள். சுமை தூக்குகிறவர்களில் ஆரம்பித்து நிலைய அதிகாரி வரைக்கும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் அலறட்டும், குழந்தை வீறிடட்டும், வழியனுப்ப வந்த சொந்தபந்தமெல்லாம் ஒப்பாரி வைக்கட்டும், அத்தனையையும் தாண்டி அவள் சொன்னது கடைசிப் பெட்டி நிற்கிற இடம் வரைக்கும் போய்ச் சேரும். சரியாகக் காதில் விழாமல் வண்டியை விட்டேன் என்று ஒரு பயணி புகார் கொடுத்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்துக் கட்டின புருஷன் சொல்கிறார், "முணுமுணுக்காத!"

இது ஆரம்பித்து இந்த வசந்தத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. "மழை வருது, துணியை எடுங்க" என்பாள். "மலைக்கா? ஞாயித்துக்கிழமைதான் போறோம்" என்பார். "கேஸை அணைச்சீங்களா?" என்று கேட்டால், "யாரு அழைச்சாங்க?" என்பார். திருப்பிச் சொன்னால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "வாயைத் தொறந்து பேசேன். எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே மென்னு முழுங்கினா எனக்கு எப்படிப் புரியும்?" என்று அவள் மேலேயே பாய்வார். தனக்குக் காது மந்தம் என்று ஒரு நாளாவது சொன்னாரா என்றால், மூச்! அந்த வாயிலிருந்து அது வரவே வராது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்குப் பேச்சு குழறுதும்மா. வாய்க்குள்ளயே பேசறா. வயசாச்சில்ல" என்று உச்சுக் கொட்டியிருக்கிறார். மகள் பதறிவிட்டாள். மாப்பிள்ளை தன் பங்குக்கு, லேசாகப் பக்கவாதம் வந்தாலும் பேச்சு இப்படி ஆகும் என்று எங்கேயோ படித்ததைச் சொல்லி வைத்தார். அவ்வளவுதான், மகள் இருந்த இடத்திலிருந்தே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அம்மா பேருக்கு நேரம் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை. நானும் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அழுதாள்.

பத்துப் பேர் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். மைக்கம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "பயணிகளின் கவனத்திற்கு" என்று சொல்லிப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். போனில் பதிவு செய்து போட்டுக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவரவர் குரல் அவரவர்க்கு நன்றாகத்தானே கேட்கும் என்று ஒரு பயம் உள்ளே புகுந்துகொண்டது. பழைய சிநேகிதிகள் போன் செய்தால் எடுக்காமல் விட ஆரம்பித்தாள். கடையில் விலை கேட்க வாய் கூசியது. வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட குரல், தனக்கே தெரியாமல் கெட்டுப்போய்விட்டதோ என்று ராத்திரி தூக்கம் கெட்டு அழுதாள். அழுத சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

போன வாரம்தான் குட்டு உடைந்தது. பைனாகுலர் பையின் வார் பிய்ந்துவிட்டது, தைத்துக் கொடு என்று அவர்தான் கொண்டுவந்து மடியில் போட்டார். தைக்க வசதியாக இருக்கட்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். அடிப்பக்கத்து ஜிப்புக்குள் ஒரு சின்ன டப்பா. திறந்தால், புளியங்கொட்டை அளவில் தோல் நிறத்தில் ஒரு சாமான். பக்கத்தில் பொட்டு மாதிரி பேட்டரிகள். மைக்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவளோடு வேலை பார்த்த நிலைய அதிகாரி இதே மாதிரி ஒன்றைத்தான் காதில் செருகியிருந்தார். அவர் தொப்பியை அழுத்திப் போட்டாலோ, காதில் கை வைத்தாலோ அது கீச்சென்று கத்தும். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள், அவருக்கு மட்டும் அந்தக் கீச்சு கேட்காது.

முதலில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊசியும் கையுமாக உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். நமக்கு ஒன்றும் இல்லை, மனுஷருக்குத்தான் காது போய்விட்டது, அது அவருக்கே தெரியும்! டாக்டரிடம் போனால் வெளியே தெரிந்துவிடும் என்று, காதும் காதும் வைத்த மாதிரி தபாலில் வரவழைத்திருக்கிறார். சரி, மிஷின் வந்துவிட்டது, இன்றைக்கு மாட்டுவார், நாளைக்கு மாட்டுவார் என்று ஒரு வாரம் பார்த்தாள். வீட்டில் அதை வெளியிலேயே எடுக்கவில்லை. "முணுமுணுக்காத" மட்டும் வேளை தவறாமல் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது குருவிக்காக வாங்கிய காது. பெண்டாட்டிக்கு அதில் பங்கு இல்லை.

சனிக்கிழமை அவர் ஒரு மணிநேரம் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ எதுக்கு? அங்கெல்லாம் சத்தம் போடாம இருக்கணும்."

"நான்தான் முணுமுணுக்கிறவளாச்சே. என்னால என்ன சத்தம் வந்துடப்போகுது?"

அதுவும் கேட்கவில்லை. பெரிய மனசு பண்ணித் தலையை ஆட்டினார். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை மகள் வந்து நிற்பதற்குள் அவர் வாயால், 'எனக்குத்தான் கேக்கல' என்று ஒரு வார்த்தை வரவேண்டும். சொல்லிவிட்டால் போதும், மற்றதை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவ்வளவு ஏமாளி.

குன்றின் அடிவாரத்தில் கிளம்புவதற்கு முன்னால் அவர் ஒரு புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்தார். வந்தபோது கம்பளிக் குல்லாய் காது மடல் தெரியாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. ஓகோ, மாட்டியாச்சு என்று மைக்கம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் வெயில் ஏறுகிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவர் மட்டும் நெற்றியில் வியர்வை வழியக் குல்லாயும் தானுமாக முன்னால் நடந்தார்.

பாதை மரங்களுக்குள் நுழைந்ததும் அவர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் குவித்து இடது காதோரம் வைத்தார்.

கீ...ச்.

ஊசி மாதிரி மெலிந்த, நீளமான ஒரு சத்தம். கும்பல் அப்படியே உறைந்தது. பல் டாக்டரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பீரங்கி லென்ஸை மேலே தூக்கி எல்லாத் திசையிலும் சுழற்றியதில், பின்னால் நின்ற ஒருவர் தலையில் இடித்துவிட்டார். அத்தனை பேரும் கேட்ட அந்தச் சத்தம் பாம்புக்காதுக்கு மட்டும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது மைக்கம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. அவர் ஒரு கண்ணை லேசாகத் திறந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார். இரண்டு வருஷமாக இந்த வித்தையில்தான் பிழைப்பு ஓடுகிறது. முகங்களைப் பார்ப்பது, ஏதோ கேட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வது, குருவிப் பேச்சென்றால் உதட்டசைவை வைத்தே ஊகித்துக்கொள்வது.

"சார், கேட்டுச்சா?" என்றார் பல் டாக்டரம்மா.

"கேக்காம? என்னன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம்," என்றார் பாம்புக்காது, பரீட்சை வைக்கிற வாத்தியார் தோரணையில்.

"கதிர்க்குருவி மாதிரி இருந்துச்சு சார்," என்றது தலையாட்டும் கும்பலில் ஒரு குரல்.

"மாதிரி என்ன மாதிரி? அதேதான்."

"ஆனா கதிர்க்குருவி இவ்வளவு நீட்டிக் கத்தாதே," என்றார் பீரங்கி. "நான் இந்தக் குன்றுல இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லையே."

"அதுக்குக் கேக்கற காது வேணும். இது சாதாரண கதிர்க்குருவி இல்ல. வழி தவறி எங்கிருந்தோ வந்திருக்கு. வாழ்க்கையில ஒரு தடவை கேட்டாலே அதிர்ஷ்டம்."

அடேயப்பா! கேட்காத சத்தத்துக்கு இவ்வளவு விளக்கம் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். மைக்கம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைப் பார்த்துப் பல் டாக்டரம்மா, "அம்மாவுக்கும் சந்தோஷத்துல கண்ணு கலங்கிடுச்சு" என்றார்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! அவர் எங்கே நின்று கையைக் குவித்தாலும் குருவி கத்தியது. கையை எடுத்தால் அடங்கியது. மரத்தடியில் நின்றால் மரத்தடியில் கத்தியது, பாறைப் பக்கம் போனால் பாறைப் பக்கம் வந்து கத்தியது. கொஞ்சமாவது மூளை இருந்தால் யோசிக்கவேண்டாமா? ஒரு குருவி, அதுவும் வழி தவறி வந்த குருவி, நாய்க்குட்டி மாதிரி ஒரு மனுஷன் காலடியிலேயே சுற்றுமா? இவர்கள் யோசித்தார்கள். யோசித்து என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா?

"சார் காது கொடுக்கறது அதுக்குப் புரியுது. அதான் பதில் சொல்லுது. அடடா!" என்றார் பல் டாக்டரம்மா. மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவருக்குப் புல்லரித்துவிட்டது என்று கையை வேறு நீட்டிக் காட்டினார். வாயிருக்கிறது என்பதற்காகப் படித்தவர்கள் இப்படியுமா பேசுவார்கள்!

பீரங்கிக்கு மட்டும் பொறாமை. இத்தனை பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு இறகைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எடுத்ததெல்லாம் இலை, இலை, தன் கட்டைவிரல், மறுபடியும் இலை. "எந்தப் பக்கம் சார் உட்கார்ந்திருக்கு? கை காட்டுங்க" என்று கேட்டார். பாம்புக்காது கொஞ்சமும் தயங்காமல் எதிர்ப்பக்கத்து மரத்தைக் காட்டினார். பீரங்கி முள்ளுக்குள் இறங்கிச் சட்டையைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தார். "பறந்துடுச்சு. நீங்க ரொம்ப சத்தம் போடறீங்க" என்று அவரையே திட்டினார் பாம்புக்காது. வீட்டில் பழகிய அதே வேலை. தன் குறைக்கு அடுத்தவன் தலையை உருட்டுவது.

என்ன இருந்தாலும் கட்டினவர். நாலு பேர் முன்னால் மானம் போவதைப் பார்க்க மைக்கம்மாவுக்கு ஒரு பக்கம் மனசு கேட்கவில்லை. மேட்டில் ஏறும்போது பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத மாதிரி, "என்னங்க, அந்தக் குல்லாயைக் கழட்டிடுங்க. அதான் கத்துது" என்றாள்.

"ஆ?"

"குல்லாயைக் கழட்டுங்க."

குல்லாய் காதை அடைத்திருக்கிறது. மிஷின் தன் பாட்டுக்குக் கீச்சிடுகிறது. அவருக்கு எங்கே கேட்கும்? சட்டென்று நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏன் இங்கயும் வந்து முணுமுணுக்கற?" என்றார். அத்துடன் விட்டாரா? கும்பலைப் பார்த்து, ரொம்பப் பாவப்பட்ட குரலில், "தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு இப்ப கொஞ்ச நாளா பேச்சு தெளிவில்லாம போச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டறோம்" என்றார்.

மைக்கம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. இவர் மானத்தைக் காப்பாற்றப் போனாளே, அவளைச் செருப்பால் அடிக்கவேண்டும். அவளே அப்படித்தான் நினைத்தாள். கும்பல் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அத்தனை கண்ணிலும் ஒரே இரக்கம். ஒருவர் அவள் கையைப் பிடித்துப் பாதையில் நடத்தி வந்தார், ஏதோ காலும் விளங்காதவள் மாதிரி. இன்னொருவர் கேட்காமலே பிஸ்கட்டைக் கையில் திணித்தார். பேச்சு சரியில்லை என்றால் காது, கால், புத்தி எல்லாம் சேர்ந்து போய்விட்டது என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

உச்சிக்கு வந்ததும் பாறை மேல் உட்கார்ந்தார்கள். பல் டாக்டரம்மா பிளாஸ்கோடு வந்து குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, "அம்மா... டீ... குடிக்கிறீங்களா?" என்று கத்தினார்.

"குடுங்கம்மா, சர்க்கரை இல்லாம. நீங்க சாதாரணமாவே பேசலாம், எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் மைக்கம்மா.

பல் டாக்டரம்மா நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாம்புக்காது பாறையின் நுனியில், பள்ளத்தைப் பார்த்தபடி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். "கேக்கறதுன்னா என்ன? காது இருந்தா போதுமா? மனசு வேணும். இந்தக் காலத்துல யாரு யாரைக் கேக்கறாங்க? வீட்டுல இருக்கறவங்க பேச்சையே காதுல வாங்கறதில்ல. குருவி பேச்சை எங்க வாங்கப்போறாங்க? பொறுமை வேணும், பணிவு வேணும்..."

யார் சொல்வது, எதைச் சொல்வது! மைக்கம்மா டீ டம்ளரைப் பாறையில் வைத்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. வீட்டில் உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்.

"அந்தக் குருவி அவரோட இடது காதுல உட்கார்ந்திருக்கு. காது மிஷின். குல்லா அழுத்தினாலும் கத்தும், கையைக் குவிச்சாலும் கத்தும். அது கத்தறது அவருக்குக் கேக்காது. நான் பேசறதும் கேக்காது. கேக்கலைன்னு ஒத்துக்க மனசில்லாம, நான் முணுமுணுக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார்."

பாறைக்கு அந்தக் கோடியில் நின்றவர் வரைக்கும் ஒரு எழுத்து சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. கேட்காதவர் ஒரே ஒருவர்தான். அவர் முதுகு அசையவில்லை. பிரசங்கம் நிற்கவில்லை. "...இதோ, இப்பக்கூடப் பாருங்க," என்று கையைக் குவித்துக் காதோரம் வைத்தார்.

கீ...ச்.

கையை எடுத்தார். நின்றது. மறுபடியும் வைத்தார். கீ...ச். எல்லோர் கண்ணும் அந்தக் கையோடு போய் அந்தக் கையோடு வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பீரங்கி கேமராவைத் தூக்கி, அன்று முதல் தடவையாகக் குருவி இருந்த இடத்தைச் சரியாகக் குறிவைத்துப் படம் எடுத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் மரத்துக்குப் பின்னால் ஓடினார்.

பாம்புக்காது திரும்பினார். முகங்களைப் பார்த்தார். இரண்டு வருஷமாகக் கைகொடுத்த முகங்கள் இந்தத் தடவை ஒன்றும் சொல்லித் தரவில்லை. வழக்கம்போல மைக்கம்மாவிடம் எரிந்து விழுந்தார். "என்ன? என்ன முணுமுணுத்த?"

"அவங்க முணுமுணுக்கல சார்," என்றார் பல் டாக்டரம்மா. "நாள் முழுக்க வாயில பஞ்சு அடைச்சவங்க பேசறதைக் கேக்கறவ நான். முணுமுணுப்புன்னா எனக்குத் தெரியும். அம்மா பேசினது மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"ஆ?"

"அம்மா தெளிவா பேசறாங்கன்னு சொல்றேன் சார்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். பீரங்கியைப் பார்த்தார். பீரங்கி ஏதோ சொன்னார். அதுவும் எட்டவில்லை. அவர் பொறுமை இழந்து கையை உதறினார். "என்ன இது, இன்னைக்கு எல்லாருமே முணுமுணுக்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு மேல் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள். மைக்கம்மாவுக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச பயமும் போயே போய்விட்டது. கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "கட் பண்ணாம இரு, ஒரு அறிவிப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பாறைக்கும் பள்ளத்துக்கும் கேட்கிற மாதிரி, பழைய குரலை எடுத்தாள்.

"பயணிகளின் கவனத்திற்கு! திங்கட்கிழமை காலை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் புறப்படவிருந்த பயணத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. டாக்டர் அவரேதான். நேரமும் அதேதான். தொண்டைக்குப் பதிலாகக் காது செல்லும். அம்மாவுக்குப் பதிலாக அப்பா செல்வார்!"

பள்ளத்தில் இருந்த மரங்களிலிருந்து நிஜக் குருவிகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. ஒருவரும் பைனாகுலரை எடுக்கவில்லை. அந்த அறிவிப்பு குல்லாயையும் தாண்டிப் பாம்புக்காதுக்குக் கேட்டுவிட்டது. அவர் முகம் செத்துப்போனது. கை தானாகக் குல்லாய்க்குப் போய் அதை மெதுவாக இழுத்துக் கழற்றியது. நரைமயிருக்கு நடுவே, காதுக்குள் சரியாகப் பொருந்தாமல் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது அந்தப் புளியங்கொட்டை. எல்லோரும் பார்த்தார்கள். கீச்சு அடங்கியது.

"எத்தனை மணிக்கு?" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பத்துக்கு," என்றாள் மைக்கம்மா. வேண்டுமென்றே, வழக்கத்தைவிடச் சின்னக் குரலில்.

"பத்துக்கா? அவ்வளவு சீக்கிரமாவா?"

"கேட்டுச்சா?"

"ம்."

"குருவிக்குப் போட்டுக்கிட்ட காதை எனக்கு ஒரு நாள் போட்டுக்கத் தோணலையே உங்களுக்கு. இப்ப சொல்லுங்க, நான் முணுமுணுக்கிறேனா?"

அவர் குல்லாயைக் கசக்கினார். பல் டாக்டரம்மாவைப் பார்த்தார், பீரங்கியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை. உதடு மட்டும் அசைய, தாடைக்குள்ளேயே, "இல்ல. எனக்குத்தான் கேக்கல" என்றார்.

மைக்கம்மா போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"முணுமுணுக்காம சொல்லுங்க. பொண்ணு லைன்லதான் இருக்கா."